அமாக்சிசிலினும் கடிகாரமும்

"உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது உண்டா?" என்று கேட்டால் அடிக்கடி வரும் பதில் 'பென்சிலின்'. "சாப்பிட்டபோது என்ன ஆயிற்று?" என்று அடுத்துக் கேட்பேன். "சின்ன வயதில் உடம்பெல்லாம் ஏதோ வந்ததாம்." "மருந்து உள்ளே போய் எவ்வளவு நேரத்தில் வந்தது?" இந்த மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. மருந்தாளுநராக வேலை பார்க்கும் எனக்கு மூன்றில் முக்கியமான கேள்வி அதுதான். அரை மணி நேரத்தில் எழும்பிய தடிப்புக்கும் ஏழாம் நாள் தலைகாட்டிய புள்ளிகளுக்கும் பொருள் வேறு, ஆபத்தும் வேறு. முதலாவது உயிரைப் பறிக்கக்கூடியது. இரண்டாவது பெரும்பாலும் தானாக மறைந்துவிடும். இரண்டையும் 'அலர்ஜி' என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

பென்சிலின் வகை ஆன்டிபயாட்டிக்குகளில் ஒன்றான அமாக்சிசிலின் என்ற மருந்தில் எல்லாமே நேரக்கணக்குதான். எத்தனை மணிக்கு ஒரு முறை சாப்பிடுவது, கரைத்த மருந்தை எத்தனை நாள் வைத்திருப்பது, தோலில் தெரிகிற மாற்றம் எத்தனையாவது நாளில் வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் கடிகாரத்தையோ நாட்காட்டியையோ பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த வரிசையிலேயே இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

மருந்து என்ன செய்கிறது

அமாக்சிசிலின் பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1928இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃப்ளெமிங், ஒரு பூஞ்சையைச் சுற்றிப் பாக்டீரியா வளராமல் இருப்பதைக் கவனித்தார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின் ஆகியோரின் குழு அதை நோயாளிக்குக் கொடுக்கக்கூடிய மருந்தாக்கியது. மூவருக்கும் 1945இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த முதல் பென்சிலினை வாய்வழியாகக் கொடுத்தால் வயிற்றிலுள்ள அமிலமே அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். ஆகவே அதை ஊசியாகத்தான் போட வேண்டியிருந்தது. 1970களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த அமாக்சிசிலின் அமிலத்தைத் தாங்கி, குடலில் நன்றாக உறிஞ்சப்படுகிறது. காப்ஸ்யூலாகவும் குழந்தைகளுக்கான திரவமாகவும் அது வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். உலக சுகாதார நிறுவனமும் பொதுவான தொற்றுகளுக்கு முதலில் நாட வேண்டிய ஆன்டிபயாட்டிக்குகளின் பிரிவில்தான் இதை வைத்திருக்கிறது.

பாக்டீரியாவைச் சுற்றி வலைபோல் பின்னிய ஒரு சுவர் உண்டு. பாக்டீரியா வளரும்போதும் இரண்டாகப் பிரியும்போதும் அந்த வலையை அங்கங்கே பிரித்துப் புதிதாகப் பின்ன வேண்டும். பின்னுகிற வேலையைச் செய்யும் நொதிகளில் அமாக்சிசிலின் போய் ஒட்டிக்கொள்கிறது. வலையில் ஓட்டை விழுகிறது. உள்ளேயிருக்கும் அழுத்தத்தைத் தாங்காமல் பாக்டீரியா வெடித்துச் சாகிறது. நம் உடலின் செல்களுக்கு இப்படிப்பட்ட சுவரே கிடையாது. இந்த மருந்து நம் செல்களைத் தொடாமல் பாக்டீரியாவை மட்டும் தாக்குவது அதனால்தான்.

வைரஸுக்கும் அந்தச் சுவர் இல்லை. ஆகவே சளி, ஃப்ளூ காய்ச்சல், பெரும்பாலான தொண்டைவலி, சாதாரண இருமல் இவற்றுக்கு அமாக்சிசிலின் எதுவும் செய்யாது. "போன தடவை சாப்பிட்டேன், மூன்றே நாளில் சளி போய்விட்டது" என்பவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றே உண்டு. மருந்து இல்லாமலும் அந்தச் சளி போயிருக்கும். மருத்துவர் பார்த்து, இது பாக்டீரியாத் தொற்று என்று முடிவெடுத்து எழுதிக் கொடுத்தால் மட்டுமே இது உங்களுக்கான மருந்து. வீட்டில் மிச்சமிருக்கும் பட்டையிலிருந்து இரண்டு காப்ஸ்யூலைப் பிரித்து விழுங்குவதும், ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் சாப்பிடுவதும் வேண்டவே வேண்டாம்.

எட்டு மணி நேரம் என்றால் எட்டு மணி நேரம்

அமாக்சிசிலின் உடலில் நீண்ட நேரம் தங்காது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைந்துகொண்டே வரும். சிறுநீரகங்கள் அதைப் பெரும்பாலும் உருமாறாத நிலையிலேயே சிறுநீரில் வெளியேற்றிவிடுகின்றன. ஒரே நேரத்தில் அதிகமாக விழுங்குவதால் இந்த மருந்து கூடுதலாக வேலை செய்துவிடாது. பாக்டீரியாவைத் தடுக்கும் அளவுக்கு மேல் அது இரத்தத்தில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதே கணக்கு.

'ஒரு நாளைக்கு மூன்று முறை' என்று எழுதியிருந்தால் காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஐந்து என்று முடித்துவிடாதீர்கள். மாலை ஐந்திலிருந்து மறுநாள் காலை எட்டுவரை பதினைந்து மணி நேர இடைவெளி விழும், அதில் பெரும்பகுதி உடலில் போதிய மருந்து இல்லாமல் போகும். காலை எழுந்ததும் ஒன்று, நடுப்பகலைத் தாண்டி ஒன்று, இரவு படுக்கும்போது ஒன்று என்று பகிர்ந்துகொள்ளுங்கள். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நள்ளிரவில் எழுந்து சாப்பிட வேண்டியதில்லை. இரண்டு முறை என்றால் பன்னிரண்டு மணி நேர இடைவெளி. எத்தனை முறை, எத்தனை மில்லிகிராம் என்பது தொற்றைப் பொறுத்து மாறும். அதனால் பக்கத்து வீட்டாரின் சீட்டோடு உங்கள் சீட்டை ஒப்பிடாதீர்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் மறந்ததை விட்டுவிட்டு வழக்கப்படி தொடருங்கள். இரண்டையும் சேர்த்து விழுங்காதீர்கள். சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா என்ற கவலை இந்த மருந்துக்கு அதிகம் தேவையில்லை. எப்படியும் சாப்பிடலாம், பாலும் தடையில்லை. வயிற்றைப் புரட்டினால் உணவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த கூட்டு மருந்தாக (ஆக்மென்டின் போன்றது) இருந்தால் உணவின் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்வது வயிற்றுக்கு இதம்.

எத்தனை நாள் என்பதில் ஒரு குழப்பம் நிலவுகிறது. உடம்பு தேறியதும் நிறுத்திவிடலாம் என்று ஒரு பக்கமும், பட்டை காலியாகும்வரை விழுங்க வேண்டும் என்று இன்னொரு பக்கமும் சொல்கிறார்கள். முன்பு பத்து நாள் கொடுத்துவந்த சில தொற்றுகளுக்கு இப்போது ஐந்து நாளே போதும் என்று ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மை. ஆனால் எந்தத் தொற்றுக்கு எத்தனை நாள் என்பதை நம் உடல் நலமாக இருப்பதாகத் தோன்றுவதை வைத்து அளக்க முடியாது. காய்ச்சல் இரண்டாம் நாளே இறங்கலாம், கிருமி இன்னும் உள்ளே இருக்கலாம். எழுதிக் கொடுத்த நாள்வரை சாப்பிடுங்கள். சீக்கிரம் நிறுத்தத் தோன்றினால் எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். குறைந்த அளவில் மருந்து எடுப்பது, அதைத் தாங்கக்கூடிய கிருமிகளை வளர்த்துவிடும் என்று 1945ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே ஃப்ளெமிங் எச்சரித்திருந்தார். மூன்று நாள் ஆகியும் காய்ச்சலோ வலியோ குறையவே இல்லை என்றால் மருந்தை நீங்களே கூட்ட வேண்டாம், மீண்டும் மருத்துவரைப் பாருங்கள்.

குழந்தையின் பாட்டில்

தவறுகள் அதிகமாக நடக்கும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் பொடியாகத்தான் பாட்டிலில் வரும். மருந்து கொடுப்பவர் கரைத்துத் தரவில்லை என்றால் நீங்கள் கரைக்க வேண்டும். முதலில் மூடியைத் திறக்காமல் பாட்டிலைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தைத் தட்டிப் பொடியை உதிர்த்துக்கொள்ளுங்கள். அடியில் கட்டியாக ஒட்டியிருக்கும் பொடியில் அப்படியே தண்ணீர் ஊற்றினால் கட்டி கரையாது. முதல் சில நாள் தண்ணீரான மருந்தும் கடைசி நாள்களில் கெட்டியான மருந்தும் குழந்தைக்குப் போகும். கொதித்து ஆறிய தண்ணீரில், பாட்டிலில் சொல்லியிருக்கும் அளவில் ஏறக்குறைய பாதியை ஊற்றி நன்றாகக் குலுக்குங்கள். நுரை அடங்கட்டும். மிச்சத்தை ஊற்றி மறுபடியும் குலுக்குங்கள். பாட்டிலில் கோடு போட்டிருந்தால் நுரை அடங்கிய பிறகு திரவம் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். நுரை கோட்டைத் தொடுவதைப் பார்த்து நிறுத்திவிட்டால் தண்ணீர் குறைந்து மருந்து செறிவாகிவிடும்.

கரைத்த தேதியை உடனே பாட்டிலின் மேல் எழுதிவிடுங்கள். கரைத்த மருந்து, தயாரிப்பைப் பொறுத்து ஏழு நாள் முதல் பதினான்கு நாள்வரைதான் வீரியத்தோடு இருக்கும். எத்தனை நாள் என்பது அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், உறைய விடக் கூடாது. நிற்கும்போது மருந்து அடியில் படிந்துவிடுவதால் ஒவ்வொரு வேளைக்கும் முன்பு குலுக்க வேண்டும்.

அடுத்தது அளவு. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள பாட்டிலும் உண்டு, 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள பாட்டிலும் உண்டு. நிறமும் வாசனையும் ஒன்றாகவே இருக்கலாம். சென்ற முறை "ஐந்து மி.லி." என்று சொன்ன நினைவில் இந்த முறையும் ஐந்து ஊற்றினால், பாட்டில் மாறியிருந்தால் குழந்தைக்கு இரண்டு மடங்கோ பாதியோ போய்விடும். குழந்தைக்கு மருந்து எடையைப் பொறுத்துக் கணக்கிடப்படுகிறது. ஆறு மாதத்துக்கு முந்தைய எடை இன்றைய எடை ஆகாது. 'எத்தனை மில்லிகிராம், இந்தப் பாட்டிலில் அது எத்தனை மி.லி.' என்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள். சமையலறைக் கரண்டியில் ஊற்றாதீர்கள், ஒவ்வொரு கரண்டியும் ஒவ்வோர் அளவு. பாட்டிலோடு வரும் அளவு மூடியோ, அதைவிட நல்லதாக ஊசியில்லாத சிரிஞ்சோ பயன்படுத்துங்கள். சிரிஞ்சைக் கன்னத்தின் உட்பக்கமாக வைத்து மெதுவாகச் செலுத்தினால் குழந்தைக்குப் புரையேறாது.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

சிறுநீரகக் குறைபாடு இருந்தால் சொல்லுங்கள், இந்த மருந்து வெளியேறும் வழி அதுதான். வார்ஃபரின், மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்கள் சொல்ல வேண்டும். யூரிக் அமிலத்துக்கு அல்லோப்யூரினால் சாப்பிடுபவர்களுக்குத் தோலில் புள்ளிகள் வரும் வாய்ப்பு கூடுகிறது, அதையும் சொல்லுங்கள். கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் பொதுவாக இதை எடுத்துக்கொள்ளலாம் என்றாலும் மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பு எந்த ஆன்டிபயாட்டிக்காவது சாப்பிட்டு ஏதாவது ஆகியிருந்தால், என்ன ஆயிற்று, எப்போது ஆயிற்று என்பதைச் சொல்லுங்கள்.

அலர்ஜி இல்லாத தொல்லைகள்

குமட்டல், லேசான வயிற்றுப்போக்கு இவை இந்த மருந்தின் வழக்கமான பக்க விளைவுகள். குடலில் நமக்கு நன்மை செய்யும் பாக்டீரியாவும் சேர்ந்து அடிபடுவதால் வருபவை. வாயில் வெள்ளைப் படலம், பெண்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பு ஆகியவையும் வரலாம். பாக்டீரியா குறைந்த இடத்தைப் பூஞ்சை பிடித்துக்கொள்வதன் விளைவு அது. இவற்றில் எதுவும் ஒவ்வாமை இல்லை. "அமாக்சிசிலின் சாப்பிட்டால் எனக்கு வயிறு போகும், ஆகவே அலர்ஜி" என்று கோப்பில் எழுதவைத்துவிடாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நாளுக்குப் பல முறை தண்ணீராகப் போவது, மலத்தில் இரத்தம், காய்ச்சலோடு வயிற்றைப் பிசையும் வலி இவை இருந்தால் அது சாதாரண வயிற்றுப்போக்காக இருக்காது. கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா குடலில் பெருகியிருக்கலாம். மருந்தை முடித்துச் சில வாரங்கள் கழித்தும் இது வரக்கூடும் என்பதால், வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள். எந்த ஆன்டிபயாட்டிக்கை எப்போது சாப்பிட்டீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

உடலின் எதிர்ப்பு அமைப்பு ஒரு மருந்தைப் பகையாக நினைத்துக்கொண்டு அதற்கெதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கி வைத்திருக்கலாம். அடுத்த முறை அந்த மருந்து உள்ளே வந்ததும், தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் காத்திருக்கும் செல்கள் ஹிஸ்டமின் முதலியவற்றை ஒரே நேரத்தில் கொட்டிவிடுகின்றன. பெரும்பாலும் மருந்து உள்ளே போன சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இது நடந்துவிடும். "போன தடவை சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லையே" என்பதால் இந்த முறையும் ஒன்றும் ஆகாது என்று உறுதி சொல்ல முடியாது. சென்ற முறைதான் உடல் அந்த மருந்தை அடையாளம் கண்டு குறித்து வைத்திருக்கலாம். மறுபக்கம், அம்மாவுக்கோ அண்ணனுக்கோ பென்சிலின் ஒவ்வாமை இருப்பதால் உங்களுக்கும் இருக்கும் என்று ஆகிவிடாது.

தோலில் வருவது பெரும்பாலும் காணாக்கடி. திடீரென்று மேடாக எழும்பும் தடிப்புகள், நடுவில் வெளிறி, ஓரம் சிவந்து, தாங்க முடியாத அரிப்போடு வரும். கொசுக்கடி அளவிலிருந்து உள்ளங்கை அளவுவரை இருக்கும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: ஓரிடத்தில் நிற்காது. ஒரு தடிப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தடிப்பு கோட்டைத் தாண்டியிருக்கும், அல்லது அங்கே மறைந்து முதுகில் எழும்பியிருக்கும். ஒவ்வொரு தடிப்பும் ஒரு நாளுக்குள் சுவடில்லாமல் போய்விடும்.

மருத்துவக் குறிப்புகளில் 'சிவந்த தடிப்பு' என்றே எழுதியிருக்கும். மாநிறத்திலும் கறுத்த தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது. அடர்ந்த பழுப்பாகவோ ஊதா சாயலாகவோ தெரியலாம், நிற மாற்றமே இல்லாமல் மேடு மட்டும் இருக்கலாம். ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று, கையால் தடவிப் பாருங்கள். உள்ளங்கை, உள்ளங்கால், இமையின் ஓரம், உதட்டின் உட்பக்கம் இவற்றைப் பாருங்கள். குழந்தை எங்கே சொறிகிறது என்பதைக் கவனியுங்கள்.

காணாக்கடி மட்டும் இருந்தால் அடுத்த வேளை மருந்தைச் சாப்பிடாமல் உடனே மருத்துவரைத் தொடர்பு கொள்ளுங்கள். பின்வருவனவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால்கூட அது அவசரநிலை: உதடு, நாக்கு, தொண்டை வீங்குவது, குரல் கம்முவது, விழுங்க முடியாமல் போவது, மூச்சிரைப்பு, மூச்சில் விசில் சத்தம், நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், மயக்கம், உடல் சில்லிட்டு வியர்ப்பது. தடிப்போடு தொடர் வாந்தியோ கடும் வயிற்றுவலியோ சேர்ந்தாலும் அப்படியே. சின்னக் குழந்தை தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லாது. திடீரென்று துவண்டு போவது, வெளிறுவது, அழுகைக் குரல் மாறுவது இவையே அதன் மொழி. இதற்கு அனாஃபிலாக்ஸிஸ் என்று பெயர். தோலில் ஒன்றுமே இல்லாமலும் இது வரும், ஆகவே தடிப்பு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அப்போது செய்ய வேண்டியது இது. ஆம்புலன்ஸை அழைத்து 'அனாஃபிலாக்ஸிஸ்' என்ற சொல்லையே சொல்லுங்கள். நோயாளியைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி வையுங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் கால்களை நீட்டியபடி சாய்ந்து உட்காரலாம். கருவுற்றவரை இடப்பக்கமாகப் படுக்கவையுங்கள். வாந்தி எடுப்பவரையும் நினைவிழந்தவரையும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். இரத்த அழுத்தம் சரிந்திருக்கும்போது திடீரென எழுந்து நின்றதால் உயிர் போனவர்கள் உண்டு. "வண்டிவரை நடந்து வந்துவிடுகிறேன்" என்று அவர் சொன்னாலும் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

இதற்கான மருந்து அட்ரினலின் ஊசி ஒன்றே. தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள் போட வேண்டும். தானாக ஊசி இறங்கும் அட்ரினலின் பேனா மருத்துவர் கொடுத்து வைத்திருந்தால் உடையின் மேலேயே அழுத்திப் போடலாம். ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது பேனாவைப் போடலாம். செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும். அடைபட்ட தொண்டையைத் திறக்காது, சரிந்த இரத்த அழுத்தத்தை ஏற்றாது. அதைக் கொடுத்துவிட்டு 'பார்க்கலாம்' என்று உட்கார்ந்திருந்த நிமிடங்கள்தான் பல வீடுகளில் வீணாகும் நிமிடங்கள். ஊசிக்குப் பிறகு நன்றாகத் தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து அது இரண்டாம் முறை திரும்பி வரக்கூடும்.

ஏழாம் நாள்

என் மகளுக்கு நான்கு வயதில் காதில் தொற்று வந்து அமாக்சிசிலின் கொடுத்தோம். ஏழாம் நாள் காலை குளிப்பாட்டும்போது வயிற்றிலும் முதுகிலும் சின்னச் சின்னப் புள்ளிகள். மாலைக்குள் தோளுக்கும் தொடைக்கும் பரவிவிட்டன. தட்டம்மை போலவே இருந்தன. ஆனால் அவளுக்குக் காய்ச்சல் இல்லை, அரிப்புகூட அதிகமில்லை. பொம்மையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பேனாவால் கோடு போட்டுப் பார்த்தேன். மறுநாள் காலையும் புள்ளிகள் கோட்டுக்குள்ளேயே இருந்தன. ஐந்தாறு நாளில் மங்கி, தோல் லேசாக உரிந்து மறைந்துபோயின.

இந்தத் தாமதமான புள்ளிகள் குழந்தைகளுக்கு அமாக்சிசிலின் சாப்பிடும்போது வருவது சாதாரணம். பல நேரங்களில் காரணம் மருந்தே இல்லை, குழந்தைக்கு வந்திருக்கும் வைரஸ் தொற்றுதான். குறிப்பாக எப்ஸ்டீன் பார் வைரஸால் தொண்டைப் புண்ணும் நெறிகட்டுதலும் வந்திருக்கும்போது இந்த மருந்தைக் கொடுத்தால் உடலெங்கும் புள்ளிகள் வருவது மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று. அது வாழ்நாள் ஒவ்வாமை ஆகாது. இருந்தாலும் புள்ளியைக் கண்டதும் மருத்துவரைக் கேளுங்கள். தொடர்வதா நிறுத்துவதா என்பதை அவர் பார்த்துச் சொல்லட்டும்.

நாள்கள் கழித்து வருபவை எல்லாமே சாதாரணமானவை என்றும் இருந்துவிடக் கூடாது. அரிப்பதற்குப் பதிலாகத் தோல் வலிக்கிறது, எரிகிறது, கொப்புளம் எழும்பித் தோல் கழன்று வருகிறது, வாய்க்குள்ளும் உதட்டிலும் புண், கண் சிவந்து உறுத்துகிறது, கூடவே காய்ச்சல். இவை ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோயின் அறிகுறிகள். மிக அரிதாகவே வரும், ஆனால் தீக்காயத்துக்கு நிகரான ஆபத்து. மருந்தை அந்த நொடியே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அதே மருந்தை மீண்டும் வாழ்நாளில் தொடக் கூடாது. முகம் வீங்கி, காய்ச்சலோடு நெறிகட்டி, வாரக்கணக்கில் கழித்து வரும் தடிப்பும், மூட்டுவலியும் காய்ச்சலும் சேர்ந்து வரும் தடிப்பும் உடனே காட்ட வேண்டியவை.

எதுவாக இருந்தாலும் ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். செல்பேசியில் படம் எடுங்கள், தோலின் ஓரிடத்தைக் கிட்டத்திலும், முழு உடலைத் தள்ளி நின்றும். கடைசி வேளை மருந்து எப்போது, அது எத்தனையாவது நாள், முதல் புள்ளி எப்போது, கூட என்னென்ன மருந்துகள், எப்படிச் சரியாயிற்று என்று எழுதி வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது தடிப்பு மறைந்திருக்கும், இந்தக் குறிப்புதான் அப்போது பேசும்.

கோப்பிலுள்ள ஒரு வரி

அன்று என் மகளின் கோப்பில் 'பென்சிலின் அலர்ஜி' என்று எழுதப்பட்டுவிட்டது. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன், எச்சரிக்கைக்காக எழுதியது. ஆனால் அப்படி ஒரு வரி ஏறிவிட்டால் லேசில் இறங்குவதில்லை. ஏறக்குறைய பத்தில் ஒருவர் தமக்குப் பென்சிலின் ஒவ்வாமை என்று சொல்கிறார்கள். முறையாகச் சோதித்துப் பார்த்தால் அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குமேல் அந்த மருந்தை நன்றாகத் தாங்குகிறார்கள். உண்மையான உடனடி ஒவ்வாமைகூடக் காலப்போக்கில் தேய்ந்துபோகிறது. பத்தாண்டுகள் பென்சிலின் தொடாமல் இருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் அதை இழந்துவிடுகிறார்கள்.

அந்த வரி சும்மா இருப்பதுமில்லை. எளிய, குறிப்பான மருந்து போதும் என்ற இடத்தில் வேறு வீரியமான, பல கிருமிகளையும் ஒருசேர அழிக்கும் மருந்துகளைக் கொடுக்க வேண்டிவருகிறது. சில தொற்றுகளுக்கு அவை பென்சிலின் அளவுக்கு வேலை செய்வதில்லை. முன்பு சொன்ன அந்தக் கடும் வயிற்றுப்போக்கும், மருந்துக்கு அடங்காத கிருமிகளும் இப்படிப்பட்டவர்களுக்கு அதிகமாக வருகின்றன.

அதற்காக வீட்டில் ஒரு காப்ஸ்யூலை விழுங்கிச் சோதித்துப் பார்க்கவே கூடாது. ஒவ்வாமை மருத்துவர் பழைய கதையைக் கேட்டு, தேவைப்பட்டால் தோலில் சோதித்து, அட்ரினலின் தயாராக இருக்கும் இடத்தில் சிறிதளவு மருந்து கொடுத்துக் கவனிப்பார். அதுவரை ஒவ்வாமை இருப்பதாகவே நடந்துகொள்ளுங்கள். பெயர்களையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆம்பிசிலின், குளோக்சாசிலின், பிப்பராசிலின் என்று 'சிலின்' என முடிபவை ஒரே குடும்பம். ஆக்மென்டின் என்ற பெயரில் அந்த அடையாளம் தெரியாது, ஆனால் அதற்குள் இருப்பது அமாக்சிசிலின்தான், கிளாவுலானிக் அமிலத்தோடு. 'செஃப்' என்று தொடங்கும் செஃபலோஸ்போரின் மருந்துகள் தூரத்து உறவு. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களில் மிகச் சிலருக்கே இவையும் ஒத்துக்கொள்ளாது. என்றாலும் செஃபட்ராக்சில், செஃபலெக்சின் போன்ற சிலவற்றின் வேதி அமைப்பில் ஒரு பகுதி அமாக்சிசிலினை ஒத்திருப்பதால் மருத்துவர் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்.

மகளுக்குப் பதினோரு வயதானபோது அழைத்துப் போனோம். ஏழாண்டுக்கு முன் எடுத்த படங்களையும், நாளும் நேரமும் குறித்த தாளையும் மருத்துவர் வாங்கிப் பார்த்தார். தோலில் ஊசிச் சோதனைகூடத் தேவையில்லை என்றார். வாய்வழியாகக் கொஞ்சம் மருந்து கொடுத்தார், பிறகு மிச்சத்தையும் கொடுத்தார். நாங்கள் எதிரே இருந்த சுவர்க் கடிகாரத்தையும் அவள் கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கதைப் புத்தகம் படித்தாள். இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஒரு வாரம் தினமும் காலையில் வயிற்றையும் முதுகையும் பார்த்தோம். எட்டாம் நாள் தொலைபேசியில் சொன்னோம். அடுத்த முறை கோப்பைத் திறந்தபோது அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தேதி போட்டிருந்தது.